கேள்வி – பதில்: கதை சொன்னவரும் கதை கேட்டவரும்

1964-இல் வெளிவந்த ‘காதலிக்க நேரமில்லை’ படத்தின் ஆண் பாத்திரங்களில் யாரைக் கதாநாயகன் என்பது என்று எளிதில் சொல்லிவிட முடியாது எனச் சென்ற இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்கள் மேசையை நிறைத்துவிட்டதால், இந்த இதழின் பக்கத்தை அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன். பாலாற்று மணலைப் பற்றியும் பங்குச் சந்தையைப் பற்றியும் கேட்டிருக்கும் வாசகர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்தருள வேண்டும்.

பொங்கல் விடுமுறையில் வீட்டார் அனைவரும் உட்கார்ந்து அந்தப் படத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். படம் முடிந்ததும் வழக்கு தொடங்கிவிட்டது. நான் நாகேஷ் என்றேன். என் மாமனார் பாலையா என்றார். என் மனைவி முத்துராமன் பக்கம். என் மகனோ, “காதல் பாட்டெல்லாம் பாடுகிறவர் ரவிச்சந்திரன், அப்புறம் என்ன சந்தேகம்?” என்று கேட்கிறான். தீர்ப்பு தாங்கள்தான் சொல்ல வேண்டும்.
— குடியாத்தம் வாசகர்

மாமனார் பக்கம்தான் என் தீர்ப்பு. அவருக்கு அஞ்சிச் சொல்லவில்லை, காரணத்தோடுதான் சொல்கிறேன்.

படத்தைப் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சின்னமலை என்னும் ஊரில் எஸ்டேட் முதலாளி விஸ்வநாதன். அவர்தான் பாலையா. அவருக்கு இரண்டு பெண்கள். செல்லப்பா என்று ஒரு பையன். பிள்ளைகளைப் பணக்கார வீட்டில் கட்டிக்கொடுக்க வேண்டும் என்பது அப்பாவின் கனவு. ‘ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்’ என்ற பெயரில் சினிமா எடுக்க வேண்டும் என்பது செல்லப்பாவாக வரும் நாகேஷின் கனவு. எஸ்டேட்டில் வேலை பார்த்து, முதலாளியின் மகள்களோடு வம்பு வளர்த்து, வேலையை இழந்த அசோக், பங்களா வாசலிலேயே கூடாரம் போட்டு உட்கார்ந்து போராடுகிறான், அது ரவிச்சந்திரன். அந்தப் போராட்டத்திலேயே அவனுக்கு முதலாளியின் மகள் நிர்மலாவோடு காதல் உண்டாகிவிடுகிறது. பெண்ணைக் கேட்பதற்காக, தான் ஒரு கோடீஸ்வரரின் ஒரே பிள்ளை என்று அவன் அளந்துவிட, அந்தக் கோடீஸ்வரத் தந்தை சிதம்பரமாக வேடம் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறான் நண்பன் வாசு. அவன் முத்துராமன். வாசுவின் காதலியோ அதே முதலாளியின் இன்னொரு மகள் காஞ்சனா.

நம் ஊரைப் பற்றிப் பழைய கேலி ஒன்று உண்டு, வேலூர்க்காரர்கள் எல்லோரும் கேட்டுச் சலித்தது: சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை. ஜலகண்டேஸ்வரர் 1981-இல் கோட்டைக்குள் மீண்டும் எழுந்தருளிய பிறகு முதல் பகுதி பொய்யாகிவிட்டது; மற்ற இரண்டையும் பற்றி நான் வாய் திறக்கவில்லை. இந்தப் படத்து ஆண்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கேலிதான் நினைவுக்கு வரும். செல்லப்பா படம் இல்லாத பட முதலாளி. அசோக் சொத்து இல்லாத பணக்காரன். சிதம்பரமோ வயது இல்லாத கிழவர். மூவரிடமும் இல்லாதது ஒன்று இருக்கிறது. அதை இருப்பதாகக் காட்டும் வித்தையில்தான் ஒருவர் மற்றவரிடமிருந்து வேறுபடுகிறார்கள். வீடு, எஸ்டேட், பணம், பெண்கள் என எல்லாம் நிஜமாகவே வைத்திருக்கும் ஒரே ஆள் விஸ்வநாதன். மற்ற மூவரின் இல்லாத சரக்கையும் உண்மை என்று நம்பி வாங்க வேண்டிய பொறுப்பு அவர் தலையில் விழுகிறது. வாங்குகிறவர் நம்பவில்லையானால் அந்த மூன்று கடைகளும் அன்றே மூடப்பட வேண்டியவை.

செல்லப்பா தன் தந்தைக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்த் திரையில் அதைப் போல் மறுபடி மறுபடி பார்க்கப்பட்ட நகைச்சுவைக் காட்சிகள் மிகச் சில. பேச்சு முழுவதும் நாகேஷுடையது. வாயாலேயே எல்லா ஓசைகளையும் எழுப்பி, கையையும் கண்ணையும் உருட்டி, தானே கதையாகவும் தானே பின்னணி இசையாகவும் நிற்கிறார். பாலையாவுக்கு வேலை கேட்பது மட்டுமே. நான் சிறுவனாக இருந்தபோது போளூர்ச் சாலையில் ஒரு டூரிங் கொட்டகையில், மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து, இந்தப் படத்தை இரண்டாவது முறையாகப் பார்த்தேன். சரியாக அந்தக் காட்சி நடக்கும்போது சத்தம் போய்விட்டது. விசில் பறந்தது, ஆபரேட்டரின் பரம்பரை முழுவதும் அழைக்கப்பட்டது. ஆனால் படம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. சற்று நேரத்தில் திட்டிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகச் சிரிக்கத் தொடங்கினார்கள். நாகேஷின் குரல் இல்லை. சொல்லப்படும் கதை என்னவென்று முதல்முறை பார்க்க வந்தவர்களுக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கதை ஒரு மனிதனை என்ன பாடு படுத்துகிறது என்பது பாலையாவின் முகத்தில் வரி வரியாக எழுதியிருந்தது. எதிரில் இருப்பவன் தன் மகன்தான், சொல்வது கட்டுக்கதைதான், கடைசியில் பணம்தான் கேட்கப்போகிறான் என்று அறிந்திருந்தும் உடம்பு மட்டும் நம்பிவிடுகிற ஓர் அச்சம் அது. அன்று முதல் என் ஓட்டு அவருக்குத்தான்.

இதற்கு அவருடைய மற்றப் படங்களே சாட்சி. 1936-இல் ‘சதி லீலாவதி’யில் தொடங்கிய அவர், வில்லனாக எத்தனையோ படங்களில் மிரட்டியிருக்கிறார். ஆனாலும் மக்கள் மனத்தில் ஆழமாக உட்கார்ந்திருப்பது, ‘காதலிக்க நேரமில்லை’க்கு அடுத்த ஆண்டு வந்த ‘திருவிளையாட’லின் ஹேமநாத பாகவதர். அதிலும் அவரது உச்சக் காட்சி தாம் பாடுவதில் இல்லை; விறகு விற்பவராக வந்த இறைவன் பாடுவதைக் கேட்பதில்தான் இருக்கிறது. செருக்கெல்லாம் ஒரு பாட்டில் கரைந்துபோவதை, ஒரு வார்த்தை பேசாமல் காட்டுகிறார். 1968-இல் ‘தில்லானா மோகனாம்பா’ளில் அவருக்குக் கிடைத்ததும் நாயனத்துக்குத் துணை நிற்கும் தவில்காரர் வேடம். பக்கவாத்தியம் வாசிக்கத் தெரிந்தவர் அவர். பக்கவாத்தியம் சரியில்லாத கச்சேரி எப்படி இருக்கும் என்பது மார்கழியில் ஒருநாளாவது சபாவுக்குப் போயிருக்கும் எவருக்கும் தெரியும்.

உங்கள் மகனிடம், காதல் பாட்டைப் பாடுகிறவர் ரவிச்சந்திரனா, பின்னணிப் பாடகர் பி.பி. ஸ்ரீநிவாஸா என்று முதலில் விசாரித்துக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

நாகேஷின் செல்லப்பாவைப் பார்க்கும்போது எங்கள் ஊர்க் கூத்தின் கட்டியக்காரன் நினைவுக்கு வருகிறான். இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லலாமா?
— செய்யாறு வாசகர்

தெருக்கூத்துக்குப் பேர்போன புரிசைக்கு அருகிலிருந்து கேட்கிறீர்கள். சற்று எச்சரிக்கையாகத்தான் விடை சொல்ல வேண்டும். ஒற்றுமை உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். மர அணிகள் பூட்டிக் கட்டை வேடம் கட்டிய துரியோதனன் திரைக்குப் பின்னால் நின்று விருத்தம் பாடி வரும்போது, நீ யாரப்பா, எந்த ஊர், என்ன சமாசாரம் என்று அவனையே குறுக்கு விசாரணை செய்கிற உரிமை கட்டியக்காரனுக்கு உண்டு. ராஜா ஏட்டுத் தமிழில் முழங்குவார். கட்டியக்காரன் நேற்றுச் சந்தையில் கேட்ட தமிழில் பதில் சொல்வான். எஸ்டேட் பங்களாவின் அரசராகிய விஸ்வநாதனிடம் செல்லப்பா எடுத்துக்கொள்கிற உரிமையும் அந்த வகையைச் சேர்ந்ததே.

ஆனால் வேற்றுமை பெரிது. கட்டியக்காரனுக்கு எல்லாம் தெரியும். கிரீடத்துக்குக் கீழே இருப்பவர் பகலில் ஏர் பிடிக்கிறவர் என்பதும், விடிந்தால் பாண்டவர் வனவாசமும் முடிந்து எல்லோரும் டீக்கடைக்குப் போகப்போகிறோம் என்பதும் தெரிந்தே கேலி பேசுகிறான். செல்லப்பாவுக்கு எதுவுமே தெரியாது. தன் கம்பெனி வெறும் பலகை என்பது அவனைத் தவிர எல்லோருக்கும் தெரியும். எஸ்டேட் மேனேஜரின் மகள் மீனலோசனியைப் பிடித்துக் கதாநாயகி ஆக்கும்போதும், அப்பாவிடம் மூலதனம் கேட்கும்போதும் அவன் யாரையும் ஏமாற்றவில்லை. படத்தின் மூன்று புளுகர்களில் தன் புளுகைத் தானே முழுவதும் நம்புகிறவன் அவன் ஒருவன்தான்; ஆகவே அவனைப் புளுகன் என்பதே தவறோ என்றுகூட எனக்குத் தோன்றுவதுண்டு. இதே நாகேஷ், அடுத்த ஆண்டு தருமியாக வந்து ஆயிரம் பொன்னுக்கு ஏங்கி நின்றபோது, அந்த மனிதனுக்குத் தன் பாட்டு தன்னுடையதல்ல என்பது தெரிந்திருந்தது. அவனுடைய நடுக்கம் முழுவதும் அதிலிருந்து வந்தது. செல்லப்பாவிடம் நடுக்கமே கிடையாது. கவலையில்லாத பைத்தியக்காரத்தனத்துக்கும் கவலையோடு கூடிய பித்தலாட்டத்துக்கும் ஒரே நடிகர் இரண்டு உடம்புகளைக் கொடுத்திருக்கிறார் என்பதை, இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தால் உணரலாம்.

முத்துராமனைப் பற்றி யாரும் பேசுவதே இல்லையே, ஏன்? எனக்கு அவர்தான் பிடிக்கும்.
— காட்பாடி வாசகி

குடியாத்தத்து வாசகரின் மனைவியும் தாங்களும் ஒரு கட்சி. உங்கள் கட்சியில் நியாயம் இருக்கிறது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, இதே இயக்குநர் ஸ்ரீதரின் ‘நெஞ்சில் ஓர் ஆலய’த்தில், மருத்துவமனைப் படுக்கையில் கிடக்கும் கணவனாக வந்து தமிழ்நாட்டைக் கலங்கடித்தவர் முத்துராமன். அந்த ஈரம் காய்வதற்கு முன்பே, அவர் முகத்தில் மீசையை ஒட்டிக் கோடீஸ்வரக் கிழவராக உட்கார வைத்ததில் இயக்குநரின் துணிச்சலும், வசனம் எழுதிய சித்ராலயா கோபுவின் குறும்பும் சேர்ந்திருக்கின்றன. வாசுவின் வேடம் இரட்டை மடிப்பு உடையது. அசோக்குக்குப் பணக்காரத் தந்தை இல்லை. எனவே அவன் சொல்வது முழுப் பொய். வாசுவோ நிஜமாகவே சச்சிதானந்தம் என்ற செல்வந்தரின் மகன். அந்தச் செல்வந்தராக வி.எஸ். ராகவன் வருகிறார். விஸ்வநாதன் தேடுவது பணக்கார மாப்பிள்ளையை. அவன் மீசையோடு எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறான், சம்பந்தி வேடத்தில். சரியான ஆள் தவறான நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான் என்பதுதான் இந்தப் பாத்திரத்தின் நகைச்சுவை. காதலி அதே வீட்டில் நடமாடும்போது அவன் முதுமைக்குரிய கௌரவத்தோடு தொண்டையைச் செருமிக்கொண்டு இருக்க வேண்டும். நாகேஷுக்கு உடம்பை அவிழ்த்துவிட்டால் போதும். முத்துராமன் உடம்பைக் கட்டிப்போட்டுக்கொண்டு சிரிக்க வைக்க வேண்டியிருந்தது. கடினம் எது என்று கேட்டால் இரண்டாவதுதான் என்பேன். கண்ணில் படுவது எது என்று கேட்டால் முதலாவது. யாரும் பேசாததற்குக் காரணம் அவ்வளவுதான்.

ரவிச்சந்திரன்?
— ஆரணி வாசகர் (அஞ்சலட்டையில் இவ்வளவுதான் எழுதியிருந்தது)

அவருக்கு இதுதான் முதல் படம். புதுமுகத்தின் துள்ளல், வாசலில் உட்கார்ந்து முதலாளியைப் பெயர் சொல்லி அழைத்து வேலை கேட்கும் துணிச்சலுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது. படத்துக்கு இசையமைத்த இருவரில் ஒருவர் பெயரும் விஸ்வநாதன் என்பதால், ‘விஸ்வநாதன், வேலை வேண்டும்’ என்ற பாட்டுக்குக் கொட்டகையில் இரட்டைச் சிரிப்பு. மற்றபடி அசோக் கதையைத் தள்ளிவிடுகிற கை; தள்ளிவிட்ட பிறகு ஒதுங்கி நிற்கிறது.

கருமி என்று காட்டப்படும் விஸ்வநாதன், கிழ வேடத்தைப் பார்த்தவுடன் இவ்வளவு எளிதாக ஏமாறுவது நம்பும்படியாக இல்லை. இது கதையின் ஓட்டை அல்லவா?
— திருப்பத்தூர் வாசகர்

ஓட்டை என்று நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். பிறகு அவரைக் கருமி என்று சொல்வதே சரியில்லை என்று பட்டது. அவருடைய காது பணம் என்ற ஓசையை மட்டும் வாங்கிக்கொள்கிற காது. மகன் பணம் கேட்டு வரும்போது கதவு அடைபடுகிறது. பணம் உள்ளவர் வருகிறார் என்றால் அதே கதவு அகலத் திறக்கிறது. அதுவரை ஏளனமாகப் பேசிய வாசற்படிப் போராட்டக்காரன், கோடீஸ்வரர் பிள்ளை என்று தெரிந்த கணத்தில் வீட்டு விருந்தாளி ஆகிவிடுகிறான். பாலையா இந்த மாற்றத்தைக் கூச்சமே இல்லாமல் செய்கிறார். முன்பு பேசியதற்காக வெட்கப்படுவதாக ஓர் அசைவுகூட இல்லை. நமக்குத் தெரிந்த வட்டாரப் பெரிய மனிதர்கள் இரண்டு மூன்று பேரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் ஏமாந்ததெல்லாம் ஏழைகளிடமா, பட்டுச் சட்டைக்காரர்களிடமா? இப்படிப்பட்டவர்கள் பேராசையினால்தான் ஏமாறுகிறார்கள். நம் ஊர்ச் சீட்டுக் கம்பெனிகளின் வரலாற்றை எழுதினாலும் அதே கதைதான் வரும். அதை எழுதப் போவதில்லை, வழக்குகள் நிலுவையில் இருக்கின்றன.

இதே இயக்குநரின் ‘கல்யாணப் பரி’சில் (1959), வேலை இல்லாமலே தன்னைப் பெரிய எழுத்தாளர் பைரவன் என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டு திரியும் தங்கவேலு வருவார். அங்கே அந்தப் புளுகு தனிக் கிளையாக ஓடியது; அழுகை ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம். ஐந்து ஆண்டுகள் கழித்து, புளுகையே கதையின் அடிமரமாக்கி, நம்பி ஏமாறும் வேலையை மனைவியிடமிருந்து ஒரு முதலாளிக்கு மாற்றியதுதான் ‘காதலிக்க நேரமில்லை’யின் புதுமை.

‘மைக்கேல் மதன காம ராஜ’னில் நான்கு ஆண்களையும் கமல்ஹாசன் ஒருவரே செய்திருக்கிறாரே. அதனோடு ஒப்பிட்டால் எது உயர்ந்தது?
— இராணிப்பேட்டை வாசகர்

1990-இல் சிங்கீதம் சீனிவாச ராவ் இயக்கிய அந்தப் படத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. படத்தின் பெயரையே நான்காக உடைத்து நான்கு சகோதரர்களுக்குப் பங்கிட்டிருக்கிறார்கள். கள்ளநோட்டுக்காரன் மைக்கேல், செல்வந்தன் மதனகோபால், பாலக்காட்டுச் சமையல்காரர் காமேஸ்வரன், தீயணைப்பு வீரன் ராஜு என்று நால்வரும் பேச்சிலும் நடையிலும் வேறுவேறு. இவர்களில் காமேஸ்வரனுக்கே என் முதல் மதிப்பெண். கிரேசி மோகனின் வசனம் எல்லோர் வாயிலும் வேகமாகப் பாய்ந்தாலும், காமேஸ்வரன் வாயில் மட்டும் சிலேடை தற்செயலாக நேர்ந்ததுபோல் விழுகிறது. அவர் சிரிக்க வைக்க முயல்வதே இல்லை. சாம்பாருக்குள் மீன் விழுந்துவிட்டதே என்று நிஜமாகவே வேர்த்துக் கொட்டுகிறார்.

ஒப்பிடுவதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரே நடிகர் நான்காகப் பிரியும்போது, ஒரு பாத்திரம் இன்னொன்றைக் கேட்கும் இடம் குறைந்துபோகிறது. அந்த இடத்தை நிரப்பச் சுற்றிலும் டெல்லி கணேஷ், மனோரமா, எஸ்.என். லட்சுமி என்று ஒரு படையே தேவைப்பட்டது. அந்தப் படையில் முதலாளியின் பணத்தைச் சுரண்டும் உதவியாளர் அவிநாசியாக வருபவர் யார் என்று பாருங்கள், நாகேஷ். 1964-இல் தந்தையிடம் பணம் கேட்டுக் கதை சொன்னவர், 1990-இல் கேட்காமலே எடுத்துக்கொண்டு, பிடிபட்ட பிறகு கதை சொல்கிறார். இருபத்தாறு ஆண்டுகளில் தமிழ்நாட்டு நகைச்சுவை எங்கிருந்து எங்கே வந்தது என்பதற்கு இந்த ஒரு நடிகரே கணக்கு.

ஆம்பூரிலிருந்து இன்னொரு வாசகர், 2002-இல் வந்த ‘பஞ்சதந்திர’த்தின் ஐந்து நண்பர்களையும் இதில் சேர்க்கச் சொல்கிறார். சிரித்துப் பார்த்த படம்தான். ஆனால் அந்த ஐவரும் பேச்சு வழக்கால் வேறுபடுகிறார்களே தவிர ஆசையால் வேறுபடவில்லை. ஐவருக்கும் வேண்டியது ஒன்றே ஒன்று, மனைவிக்குத் தெரியக் கூடாது. ஆசை ஒன்றாக இருக்கும்போது ஒப்பிட என்ன இருக்கிறது?

எல்லாம் சரி, இந்த நால்வரில் ஒருவரைத் தங்கள் மகளுக்குப் பார்க்க வேண்டும் என்றால் யாரைத் தேர்ந்தெடுப்பீர்கள்?
— ஆற்காடு வாசகி

நால்வரில் ஒருவர் சம்பந்தியாகும் வயதுக்காரர் என்பதால் மூவர்தான் மிச்சம். அசோக் மாப்பிள்ளையாக வந்தால் முதல் தீபாவளிக்கு மோதிரம் போடாவிட்டால் வாசலில் கூடாரம் போட்டுவிடுவான். வாசுவுக்குக் கொடுக்கலாம்; சொத்து நிஜம், தந்தையும் நிஜம். செல்லப்பாவுக்குப் பெண் தர மாட்டேன்; ஆனால் மாதம் ஒருமுறை இரவுச் சாப்பாட்டுக்கு அழைத்து, உங்கள் ஊர் இனிப்பான மக்கன் பேடா வைத்து, ஒரு கதை சொல்லச் சொல்லிக் கேட்பேன். நாற்காலியை மட்டும் சுவரோடு ஒட்டிப் போட்டுக்கொள்வேன். முதுகுக்குப் பின்னால் எதுவும் வந்துவிடக் கூடாது.